கையும் மையுமாக

இதை வெளியே சொன்னால் எனக்குத்தான் வெட்கம். இருந்தாலும் நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் கேட்கிறவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள். மானம் எப்படியும் கப்பலேறத்தான் போகிறது. ஏற்றிவிடுகிற கையாவது என்னுடையதாக இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு சபதம் எடுத்தேன். இனி இந்த வீட்டில் எந்த இயந்திரத்தையும் என் மைத்துனன் தொடக் கூடாது.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். எங்கள் வீட்டுக்கும் அவன் கடைக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான் இருக்கிறது. அது போதாது. ஃபேன் முனகினால் "தம்பியைக் கூப்பிடவா?" கதவு கிறீச்சிட்டால் "தம்பியைக் கூப்பிடவா?" நான் பலமாகத் தும்மினால்கூட அவள் கை போனுக்குப் போகிறது. அவனும் உடனே வந்துவிடுவான். வந்ததும் என்னைப் பார்த்து, "மாமா, நீங்க ஏதாவது கை வச்சீங்களா?" என்பான். பத்தியத்தில் இருக்கிற நோயாளியை டாக்டர் விசாரிக்கிற அதே குரலில் கேட்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் என்ன கைநாட்டா? அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பெரிய பெரிய ஆசாமிகள் எழுதினதையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துத் தள்ளுகிறவன். ஒரு சொல் தன் இடத்தைவிட்டு அரை அங்குலம் நகர்ந்தாலும் காதைப் பிடித்துத் திருகி உட்கார வைக்கிறவன். வீட்டில் இருக்கிற பிரிண்டரைக்கூட நான் சும்மா விடவில்லை. அது வந்த அன்றே அதன் குட்டித் திரையில் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டேன். நம் வீட்டு மின்சாரத்தைக் குடித்துவிட்டு வேறு பாஷை பேசினால் எப்படி?

அந்தப் பிரிண்டர் என் மனைவியின் தொழிலுக்கானது. அவள் வீட்டு முன்னறையில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். பிரிண்டருக்கு வயதாகிவிட்டது. ஒரு பக்கம் அடிக்க மாடி ஏறின கிழவன் மாதிரி மூச்சு வாங்கும். புதுசு வாங்கலாம் என்று அவள் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கொள்கை என்னவென்றால், ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், உடைந்தால்தான் புதுசு. இந்தக் கொள்கையால்தான் எங்கள் வீட்டு ரேடியோ இன்றும் தலையில் தட்டினால் பாடுகிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

"ஏங்க, பிரிண்டர்ல மை தீர்ந்துபோச்சு."

"தீர்றது அது மட்டுமா? பொறுமை தீருது, அருமை தீருது, பெருமை..."

"விளையாடாதீங்க. சாயங்காலம் பசங்களுக்குப் பரீட்சை. கேள்வித்தாள் அடிச்சே ஆகணும். வட்டமும் முக்கோணமுமா ஒரே படம். தம்பியைக் கூப்பிடவா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மைத்துனன் என்ற சொல்லின் முதல் எழுத்தே மை. அதனால்தானோ என்னவோ, மை தீர்ந்தால் அவனே வந்து நிற்கிறான். அந்த மைக்கும் இந்த மைக்கும் சம்பந்தமில்லை என்பது தொழில் ரீதியாக எனக்குத் தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது.

"வேண்டாம். இனிமே இந்த வீட்டு மெஷின் எதையும் உன் தம்பி தொடக் கூடாது. இது சபதம். நானே மாத்துறேன்."

"நீங்களா?"

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறிதான் இருந்தது. என் காதில் ஏழெட்டு விழுந்தன.

"ஏன், எனக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு நான் சொல்லலைங்க. பழைய மெஷின். நீங்க கை வச்சு உடைஞ்சு கிடைஞ்சு போயிட்டா?"

"உடையாது."

"உடைஞ்சா புதுசு வாங்கணுமே. உங்க கொள்கைப்படி."

"தாராளமா வாங்கலாம். ஆனா உடையவே உடையாது!"

"சரி. நீங்க சொன்னா சரி."

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் இவ்வளவு சீக்கிரமாக ஒத்துக்கொண்டதில்லை. அந்த இடத்திலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

பிரிண்டர் எங்கள் படுக்கையறை மேஜைமேல் இருக்கிறது. போய் அதன் திரையைப் பார்த்தேன். பளிச்சென்று தமிழில் நின்றது: "கறுப்பு மைப்பெட்டியையும் வண்ண மைப்பெட்டியையும் மாற்றவும்."

படித்தேன். தொழில் பழக்கம், இன்னொரு தடவையும் படித்தேன். ஒற்றெழுத்துப் பிழைகூட இல்லை. மனம் குளிர்ந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். உள்ளே இரண்டு மைப்பெட்டிகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. வலப்பக்கம் கறுப்பு. இடப்பக்கம் வண்ணம். இதையும் அதையும் மாற்றவும். அதாவது, இதை அங்கே வை. அதை இங்கே வை!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலம் மை தீர்ந்தது தீர்ந்தது என்று புதுப்பெட்டியாக வாங்கிக் கொட்டினோமே! மை எங்கே தீர்ந்தது? ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்து ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது. இடத்தை மாற்றினால் மறுபடியும் இறங்கப் போகிறது. லாரிக்காரர்கள் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போடுவதில்லையா? மெஷின் பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. வேறு பாஷையில் வைத்திருந்தவர்களுக்குப் புரியவில்லை. என்னைப் போல் தாய்மொழியில் கேட்டவனுக்குப் புரிந்துவிட்டது.

முன்னறைக்கு ஓடினேன். அவள் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இந்த வீட்டுக்கு மையே வாங்க வேண்டாம்!"

"ஏங்க, என்ன ஆச்சு?"

"ரெண்டையும் இடம் மாத்தினாப் போதும். மெஷினே வாய் திறந்து சொல்லுது."

"எதை எதோட?"

"கறுப்பைக் கலரோட, கலரைக் கறுப்போட."

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. பேச்சு வராத வியப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு என்னங்க தெரியும்? சொல்லுக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியாததா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து, வாங்கிப்போன பேப்பரைத் திருப்பிக் கொடுக்க எதிர்வீட்டுக்காரர் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டிலும் இதே மாதிரி ஒரு பிரிண்டர் இருக்கிறது. ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் அதைச் சொல்ல ஆள் கிடைக்காத வேதனை இருக்கிறதே, அதை அன்று கடவுள் எனக்குக் கொடுக்கவில்லை.

"சார், உங்க பிரிண்டர்ல மை தீர்ந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? இப்பக்கூட மை கம்மின்னு கத்திக்கிட்டுத்தான் இருக்கு. புதுசு வாங்கணும்."

"ஏமாந்த சோணகிரியா இருக்கீங்களே! ரெண்டையும் இடம் மாத்திப் போடுங்க சார்."

"அது எப்படி?"

லாரி டயரைச் சொன்னேன். அவர் கண் விரிந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார், நீங்க இருக்க வேண்டிய இடமே வேற" என்றார். மாலைக்குள் அவர் வீட்டில் வேறு அர்த்தத்தில் அதையே சொன்னார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினேன். இரண்டு பெட்டிகளையும் உருவினேன். கறுப்பை இடப்பக்கம் வைத்தேன். அது உட்காரவில்லை. புது இடம், கூச்சம் போலிருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினேன். முறைத்தது. உள்ளங்கையால் அழுத்தினேன். அரை மனசாக இறங்கியது. திருப்புளியின் கட்டையால் ஒரு தட்டு தட்டினேன். "டக்" என்று ஒரு சத்தம். ஆகா, உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். உட்கார்ந்தது பெட்டி இல்லை. அதைப் பிடித்து நிறுத்துகிற பிளாஸ்டிக் கொக்கி ஒடிந்து உள்ளே விழுந்த சத்தம் அது.

வண்ணப் பெட்டியும் அதே பிடிவாதம். அதற்கும் ஒரு தட்டு. அதற்கும் ஒரு "டக்".

மூடி மூடவில்லை. அதன்மேல் என் பெரிய அகராதியைத் தூக்கி வைத்தேன். எங்கள் வீட்டில் அதைவிடக் கனமான பொருள் கிடையாது. மூடி மூடிக்கொண்டது. பொத்தானை அமுக்கினேன். உள்ளே ஏதோ தடதடவென்று ஓடியது, எதிலோ முட்டியது, "கர்ர்ர்" என்று பல்லைக் கடித்தது. ஒரு தாளை இழுத்தது. பாதித் தாள் உள்ளே போனது. மீதி வரவில்லை. உள்ளே போனதும் திரும்பவில்லை. அகராதியைத் தள்ளிவிட்டு மூடியைத் திறந்து கையை விட்டேன். விரலில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது.

தீர்ந்துபோனதாகச் சொல்லப்பட்ட மை அவ்வளவும் அங்கேதான் இருந்தது. கறுப்பு என் வலது கையில். நீலம் இடது கையில். மஞ்சள் சட்டையில். ரோஜா நிறம் எங்கே போனதென்று தேடினேன். கண்ணாடியில் பார்த்தபோது மூக்கில் இருந்தது. அசடும் வழிந்தது, மையும் வழிந்தது. திரையில் மட்டும் இலக்கணச் சுத்தமாக ஒரு வரி: "மைப்பெட்டிகள் சரியாகப் பொருந்தவில்லை."

கதவு தட்டப்பட்டது.

"ஏங்க, டீ கொண்டாந்திருக்கேன். திறங்க."

மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டு, முழங்கையால் கதவைத் திறந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அங்கே வச்சிடு."

"ஆறிடுங்க. கையில வாங்குங்க."

"நான் இப்ப யோசனையில இருக்கேன். யோசிக்கிறப்ப கையைப் பின்னால கட்டித்தான் பழக்கம்."

"மூக்குல என்ன?"

"ஜலதோஷம்."

"சிவப்பாவா?"

"கடுமையான ஜலதோஷம்."

அவள் டீயை மேஜை ஓரத்தில் வைத்தாள். பிரிண்டர் பக்கம் பார்க்கவே இல்லை. "கேள்வித்தாள் ஆயிடுமில்ல? பசங்க நாலு மணிக்கு வந்துடுவாங்க" என்று மட்டும் கேட்டாள். "ஆயிடும், ஆயிடும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

அவள் போனதும் மூளையைக் கசக்கினேன். ஞாயிற்றுக்கிழமை, ஜெராக்ஸ் கடை திறக்காது. மைத்துனன் கடை திறந்திருக்கும், ஆனால் சபதம் மூடியிருந்தது. திடீரென்று நினைவு வந்தது. எதிர்வீட்டுப் பிரிண்டர்! கேள்வித்தாளைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பின்பக்க வழியாக நழுவினேன். அங்கே அடித்து வந்து நம் பிரிண்டரின் வாயில் சொருகிவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப் போகிறது?

எதிர்வீட்டு மணியை முழங்கையால் அடித்தேன். கதவைத் திறந்தவர் முழங்கையால்தான் திறந்தார். கைகள் பின்னால் கட்டியிருந்தன. மூக்கில் நீலம்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "யாருங்க அது? யோசனை சொன்ன மகானா?"

"ஆமாம்மா," என்றார் அவர் மெதுவாக.

அந்த அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏன் சார், சட்டையையும் பேண்டையும் மாத்துங்கன்னு வீட்டுல சொன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? வேற சட்டை, வேற பேண்ட் போடுவீங்களா? இல்ல, பேண்டைக் கையிலயும் சட்டையைக் கால்லயும் மாட்டிக்குவீங்களா?"

அந்தத் திரையில் இருந்த சொல்லை மனசுக்குள் இன்னொரு தடவை படித்தேன். மாற்றவும். மாற்றவும் என்றால் பழசை எடுத்துவிட்டுப் புதுசு போடவும். அவ்வளவுதான். படிக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஊரில் உள்ளவர்கள் சொல்லையெல்லாம் காவல் காக்கிற நான், தினமும் காலையில் சட்டை மாற்றுகிற நான், ஒரு சொல்லிடம் இப்படிக் கையும் மையுமாக மாட்டிக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் பரிதாபமாக என் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் இறங்கி நின்றேன். மைத்துனன் கடை அங்கிருந்து திரும்பினால் தெரியும். திருப்பம் வரைக்கும் போனேன். "நீங்க கை வச்சீங்களா மாமா" என்று கேட்பானே என்று நினைத்ததும் கால் நின்றுவிட்டது. திரும்பி நடந்தேன். நடக்க நடக்க எனக்கு வேறொன்று நினைவு வந்தது. அந்தக் கேள்வித்தாளுக்காக அவள் வாரம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். வட்டம் ஒழுங்காக வரவில்லை என்று அழித்து அழித்துப் போட்டாள். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "வெளிச்சம் கண்ணைக் கூசுது" என்று சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவள் கேட்டது ஒரே ஒரு உதவி. அதையும் வீறாப்பு பேசி நாசமாக்கிவிட்டு, பொய்த் தாளைச் செருகி ஏமாற்றத் தெருவில் அலைகிறேன். எனக்கே என்மேல் கூச்சமாக இருந்தது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே உடம்பு கூசியது.

வீட்டுக்குள் போனேன். அவள் முன்னறையில் பாய்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினேன்.

"என்னை மன்னிச்சிடு."

அவள் கைகளைப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள்.

"மெஷின் போச்சு. ரெண்டு கொக்கியும் ஒடிஞ்சு போச்சு. மாத்துன்னா என்னன்னு தப்பா புரிஞ்சுக்கிட்டேன். எதிர்வீட்டுல அடிச்சு உன்னை ஏமாத்தப் பார்த்தேன். அவர் மெஷினும் போச்சு. அதுவும் என்னாலதான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஒரு பழைய துணியை எண்ணெயில் நனைத்து வந்து, விரல் விரலாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

"பரவாயில்லைங்க. போர்டுல எழுதிப் போட்டுக்கிறேன். படம்தான் கொஞ்சம் கஷ்டம். கை வலிக்கும், அவ்வளவுதானே."

திட்டியிருக்கலாம். அந்த "அவ்வளவுதானே" என்னை அப்படியே கரைத்துவிட்டது.

"கூடாது. நீ எழுதக் கூடாது. புது பிரிண்டர் வாங்கறோம். இன்னைக்கே."

"எதுக்குங்க வீண் செலவு?"

"வீண் செலவா? உன் தொழிலுக்கு வாங்கறது வீண் செலவா? உனக்கு எது பிடிக்குமோ அது. பெருசாவே வாங்கு. நான் சொல்றேன், நீ வாங்கற!"

"இவ்வளவு வற்புறுத்துறீங்களேன்னு சரின்னு சொல்றேன். ஆனா எது நல்லதுன்னு நமக்குத் தெரியாதே. தம்பியைத்தான் கேட்கணும்."

மிச்சமிருந்த வீறாப்பையும் விழுங்கினேன்.

"கேளு."

"உங்க சபதம்?"

"அதை மாத்திக்கிறேன்."

"எதோடங்க?" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு பலன் இருக்குமென்று தெரிந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்றெல்லாம் நினைத்துக் கண்கூட லேசாகக் கலங்கியது.

"சரி, அவனுக்குப் போன் பண்ணு. நாலு மணிக்குள்ள ஏதாவது வழி பண்ணுவானான்னு கேளு" என்றேன்.

அவள் போனை எடுக்கவில்லை. என் சுண்டுவிரலை மறுபடியும் அக்கறையாகத் துடைத்தாள். வாசல் மணி அடித்தது. "கொஞ்சம் பாருங்க, எனக்குக் கை எண்ணெயா இருக்கு" என்றாள்.

போய்க் கதவைத் திறந்தேன். வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நின்றது. அதன் பக்கவாட்டில் பளபளவென்று ஒரு புதுப் பிரிண்டரின் படம். பெட்டியின்மேல் ஒரு கத்தைத் தாள், எல்லாவற்றிலும் வட்டமும் முக்கோணமும். பெட்டிக்குக் கீழே மைத்துனனின் கால்கள் மட்டும் தெரிந்தன. எனக்கு அவன் முகம் தெரியவில்லை. அவனுக்கும் கதவைத் திறந்தது யாரென்று தெரியவில்லை.

"அக்கா," என்றது பெட்டி ரகசியக் குரலில், "மாமா பழசை உடைச்சு முடிச்சிட்டாரா? இல்ல, நான் கொஞ்ச நேரம் கழிச்சு வரட்டுமா?"